சீரிஸ் பல்பு

கீழப்பழுவூரில் கடை போட்டு இருபது வருஷம் ஆகப்போகிறது. 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு, லேப்டாப்பைவிட அதன் அடாப்டர்தான் என் மேசைக்கு அதிகம் வந்தது. வேலை பழக வரும் பிள்ளைகள் கையிலும் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன்.

அடாப்டரின் பெட்டி ஒட்டியே வரும். நெம்பினால் உடையும். எனக்கு வேலை பழக்கிய மாஸ்டர் தையல்மேல் கத்தியை வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு தட்டுவார், வாழைப்பூ மடல் மாதிரிப் பிரியும். எனக்கு அந்தக் கை வர மூன்று மாதம் ஆனது.

உள்ளே பலகையின் நடுவில் செம்புத்தடம் எதுவும் தாண்டாத இடைவெளி ஒன்று இருக்கும். அதற்கு இந்தப் பக்கம், வீட்டு 230 வோல்ட் ஏசி பிரிட்ஜில் டிசியாகி, பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாக நிற்கும். மாஸ்ஃபெட் என்ற ஸ்விட்ச் அதை நொடிக்கு அறுபதாயிரம் தடவைபோல வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குத் தரும். அந்த வேகத்தால்தான் தீப்பெட்டி அளவு ஃபெரைட்டே 65 வாட்டைத் தாங்குகிறது. 50 ஹெர்ட்ஸில் ஓடும் பழைய இரும்புக் கோர் என்றால் செங்கல் கனம் வேண்டும். அந்தப் பக்கம் ஷாட்கி டையோடு வழியாக 19 வோல்ட் வரும். அது ஏறினாலும் இறங்கினாலும் ஆப்டோகப்ளர் இந்தப் பக்கத்துக்கு ஒளியாகவே சேதி அனுப்பும், கம்பி தாண்டாது.

நான் வேலை பழகிய காலத்தில் ஒரு கல்லூரி மாணவியின் அடாப்டரில் ஃபியூஸ் போயிருந்தது. புதிதாக வைத்து நேரே பிளக்கில் செருகினேன். பட்டென்று வெடித்துக் கடையே இருண்டது. "ஃபியூஸ் தானாச் சாகாது தம்பி, எது கொன்னுச்சுன்னு பாரு" என்றார் மாஸ்டர். மாஸ்ஃபெட் ஷார்ட். அதன் காலடியில் இருந்த சின்ன ரெசிஸ்டரும் ஐசியும் கூடவே போயிருந்தன. மூன்றையும் மாற்றினோம். அன்று முதல் சீரிஸில் 60 வாட் குண்டு பல்பு இல்லாமல் நான் கரண்ட் கொடுப்பதில்லை. பல்பு மினுக்கி அணைந்தால் நல்லது. எரிந்துகொண்டே நின்றால் உள்ளே ஷார்ட்.

இன்னொரு நாள், பிளக்கைப் பிடுங்கிவிட்ட தைரியத்தில் பலகையைத் தொட்டு, தோள்வரை இழுத்தது. அடாப்டர் ஓடாமல் செத்திருந்தால் கெப்பாசிட்டரின் சார்ஜ் இறங்க வழியில்லை. அதை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் அடிக்காதீர்கள். மாஸ்டர் 15 வாட் பல்பின் இரு ஒயரையும் கெப்பாசிட்டரின் கால்களில் வைப்பார். பளிச்சென்று எரிந்து அணையும். பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை விடுவார்.

இரு பக்கத்தையும் இணைத்தபடி நீல நிற வட்டக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். ஒய் கெப்பாசிட்டர் என்போம். பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி செய்தது அது. ஒருமுறை அவசரத்தில் அதே மதிப்புள்ள சாதாரணக் கெப்பாசிட்டரை வைத்தேன். மாஸ்டர் பேசாமல் ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டார். சாதாரணக் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால், மடியில் லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளையின் உடம்புக்கே மெயின் கரண்ட் வரும்.

குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கண்ணில் பட்டால் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.