ஏறாத முள்

"வயசாயிடுச்சு மேடம். வித்துட்டு வேற வண்டி வாங்கிக்குங்க."

புகைப் பரிசோதனையில் என் கார் தேறவில்லை என்றதும் மதுரையில் நான்கு பேர் எனக்குச் சொன்ன பதில் இது ஒன்றுதான். பரிசோதனை மையத்துப் பையன் சொன்னான். வழக்கமாக வண்டியை விடும் பட்டறைக்காரர் சொன்னார். துறையில் பக்கத்து நாற்காலிப் பேராசிரியர் சொன்னார். சித்தி மகன் போனிலேயே சொன்னான். வண்டி 2006-இல் வாங்கிய சின்னப் பெட்ரோல் கார், வயதானது உண்மைதான். ஆனால் நால்வரில் ஒருவர்கூட என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படிக்கவில்லை.

அந்தச் சீட்டில் இரண்டு எண்கள் இருந்தன. கார்பன் மோனாக்சைடு 2.14 சதவீதம், அனுமதி 0.5. ஹைட்ரோகார்பன் 412 பிபிஎம், அனுமதி 750. பாரத் ஸ்டேஜ் இரண்டு, மூன்று விதிகளின்படி தயாரான பெட்ரோல் கார்களுக்கு உள்ள வரம்பு இது. பாரத் ஸ்டேஜ் இரண்டுக்கு முந்தைய கார்களுக்கு 3 சதவீதம் வரை விடுகிறார்கள். பாரத் ஸ்டேஜ் நான்குக்கு 0.3 தாண்டக்கூடாது. ஆக, வண்டியின் வயதை விதியே கணக்கில் எடுத்துத்தான் வரம்பு வைத்திருக்கிறது. வயதைக் கழித்த பிறகும் மிஞ்சி நிற்கிற நான்கு மடங்குக்கு வேறு ஏதோ காரணம் இருக்கவேண்டும் அல்லவா?

சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலே வெளியே வந்துவிட்ட பெட்ரோல். அது எகிறினால் எங்கேயோ தீப்பொறி தவறுகிறது, பிளக் பழுது, வால்வு கசிவு, அல்லது இன்ஜின் ஆயில் எரிகிறது என்று தேடவேண்டும். கார்பன் மோனாக்சைடு என்பது அரைகுறையாக எரிந்த பெட்ரோல். எரிவதற்குப் போதிய காற்று இல்லை, அல்லது காற்றுக்கு மிஞ்சிப் பெட்ரோல் போகிறது என்று பொருள். இரண்டும் சேர்ந்து ஏறினால் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் செத்துவிட்டதா என்ற சந்தேகமும் வரும். என் சீட்டில் ஒன்று மட்டும்தான் ஏறியிருந்தது. தீப்பொறி ஒழுங்காக விழுகிறது. வண்டி மட்டும் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கிறது. நால்வரும் கிழம் என்று ஒதுக்கிய வண்டி இவ்வளவு தெளிவாகப் பேசியிருந்தது.

பரிசோதனை மையத்தில் இன்னொரு வழியும் சொன்னார்கள். "நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கிறோம் மேடம், இருநூறு சேர்த்துக் குடுத்திருங்க." முடியாது என்றேன். பையன் பரிதாபமாகப் பார்த்தான். வீட்டுக்கு வந்து பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தபோது அந்தப் பரிதாபத்துக்குப் பொருள் புரிந்தது. சர்வீஸுக்கு விடும்போது பட்டறையே எடுத்துக்கொடுத்த கடைசி மூன்று சீட்டுகளிலும் கார்பன் மோனாக்சைடு 0.32, 0.32, 0.32. ஹைட்ரோகார்பனும் மூன்றிலும் ஒரே எண். சுவடிப் பதிப்பைப் பாடமாக நடத்துகிறவளுக்கு இது பழகிய காட்சி. மூன்று ஏடுகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், மூன்றும் தனித்தனிச் சாட்சிகள் ஆகா. ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதியிருக்கிறார்கள். என் வண்டி பல காலமாகப் பரிசோதிக்கப்படவே இல்லை. நலமாக இருப்பதாக எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இருநூறு ரூபாயில் முடிகிற காரியத்துக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்று வீட்டில் கேட்டார்கள். இந்தப் பரிசோதனையை எந்த நிலையில் எடுக்கிறார்கள் என்பதில் அதற்குப் பதில் இருக்கிறது. வண்டி நின்றபடி, இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயைச் சைலன்சருக்குள் விட்டு அளக்கிறார்கள். சிக்னலில் நிற்கும்போது என் வண்டி இருப்பதும் அதே நிலையில்தான். கோரிப்பாளையம் சிக்னலில் என் சைலன்சரின் உயரத்துக்கு மூக்கு வருவது யாருக்கு? ஓரத்தில் தரையில் கூடை வைத்து மல்லிகை கட்டுகிற அக்காவுக்கு. குனிந்து தெரு கூட்டுகிற பெண்களுக்கு. அவர்கள் மடியிலிருக்கிற பிள்ளைக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்ளும். திறந்த வெளியில் ஒரு காரின் புகை யாரையும் அங்கேயே மயக்கிப்போடாது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை அந்த இடத்தைவிட்டு நகர முடியாதவருக்கு நின்று போவது ஒரு கார் இல்லை. ரத்தசோகை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த வாயு கூடுதல் ஆபத்து. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. சுமப்பதற்கு ஏற்கெனவே ஆள் குறைந்த ரத்தத்தில், இருக்கிற ஆளையும் பிடித்துக்கொள்கிற வாயு அது. ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருப்பவளுக்கு 2.14 ஒரு எண். கீழே இருப்பவளுக்கு அது மூச்சு.

ரத்தசோகை என்றதும் எனக்கு அம்மாவின் ஞாபகம் வராமல் இராது. அம்மாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். மாதத்தில் பத்து நாள் உதிரப்போக்கு. பெரியம்மா, அத்தை, தெருவிலிருந்த டாக்டர் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "இந்த வயசுல அப்படித்தாம்மா இருக்கும்." அவரவரும் அன்பாகத்தான் சொன்னார்கள். இரண்டு வருடம் டானிக் குடித்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் சண்டை போட்டு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது ஹீமோகுளோபின் 7. பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. கருப்பையில் கட்டி இருந்தது. எடுத்த பிறகு ஆறு மாதத்தில் மாடிக்குப் போய் வடகம் காயப்போட்டாள். அந்த இரண்டு வருடத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை. இப்போது எனக்கும் ஏறக்குறைய அந்த வயது. 'வயசு' என்ற பதிலைக் கேட்டால் எனக்கு உடனே எரிச்சல் வருவதன் காரணம் அதுதான். அந்தச் சொல்லைச் சொன்னவுடன் தேடுகிற வேலை நின்றுபோகிறது. கேட்பவளும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறாள்.

பட்டறைக்காரர் வண்டியைத் திறக்காமலே கன்வர்ட்டரை மாற்றச் சொன்னார். விலை 22,000 ரூபாய். "எதை வச்சு அதுதான்னு சொல்றீங்க?" என்றேன். "சார் வரலையா மேடம்? சார்கிட்ட சொன்னா புரியும்" என்றார். வண்டி என் சம்பளத்தில் வாங்கியது, ஆர்சி என் பெயரில், பதினேழு வருடமாக ஓட்டுவது நான். ஆனாலும் அந்த ஆர்சியிலேயே என் பெயருக்குக் கீழே இன்னார் மனைவி என்று ஒரு வரி உண்டு. பட்டறை அந்த வரியைத்தான் படிக்கிறது.

சந்தேகங்களை விலை மலிவான வரிசையில் எழுதிக்கொண்டேன். முதலில் ஏர் பில்டர். அடைத்திருந்தால் காற்று குறையும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன், சுத்தம். அடுத்து பிளக். அதைக் கழற்றிக் காட்ட மட்டும் தெருமுனை ஷெட்டுக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் வயதானவர், அதிகம் பேசமாட்டார். மூன்று பிளக்கிலும் ஒரே மாதிரி கரி. "மூணும் கறுப்பா இருக்கு டீச்சர். ஒரு சிலிண்டர் கோளாறுன்னா ஒண்ணுதான் கறுக்கும்" என்றார். அப்படியென்றால் பெட்ரோலின் அளவை முடிவுசெய்கிற இடத்திலேயே ஏதோ தவறு. 2010-இல்தான் ஓபிடி என்ற பழுதறியும் வசதி இங்கே கட்டாயமானது. என் வண்டி அதற்கு முந்தையது. அவரிடமிருந்த ஸ்கேனர் அதோடு பேசவில்லை. மீதி இருந்தது கண்ணும் கணக்கும்.

கணக்கு என் டைரியில் இருந்தது. பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் குறித்துவைப்பது, பால் கணக்கு எழுதிய அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 12-க்கு இறங்கியிருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து? 2022 ஏப்ரலிலிருந்து. அந்தப் பக்கத்தில் இன்னொரு வரி: ரேடியேட்டர் வேலை, 1,850. திருமங்கலம் சாலையில் இன்ஜின் சூடேறி ஆவி கக்கியதும், பட்டறையில் ஒரே நாளில் சரிசெய்து தந்ததும் நினைவுக்கு வந்தது. பிழை எந்தப் படியில் நுழைந்தது என்று தெரிந்துவிட்டால் பதிப்பாசிரியருக்குப் பாதி வேலை முடிந்தது.

மறுநாள் அரை மணிநேரம் ஓட்டினேன். வெப்பம் காட்டும் முள் கால்வாசிக்கு மேல் ஏறவே இல்லை. வண்டியை நிறுத்தினால் மின்விசிறி சாவி போட்டதுமே ஓட ஆரம்பிக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு குழாயைக் கழற்றிக் காட்டினார். தெர்மோஸ்டாட் வால்வு இருக்கவேண்டிய இடம் காலி. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குன்னு தூக்கிப்போட்டுருவாங்க டீச்சர். பேனையும் டைரக்டா குடுத்திருக்காங்க."

நடந்தது இதுதான். அந்த வால்வு இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, ஏறத்தாழ 82 டிகிரியில் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அன்று சூடேறியதற்கு உண்மைக் காரணம் ஒரு ரப்பர் ஹோஸில் இருந்த கசிவு. அது அப்படியே இருந்தது. அதைத் தேடாமல், சூடே ஏறாதபடி செய்துவிட்டார்கள். வால்வும் இல்லை, விசிறியும் நிற்பதில்லை. மல்டிமீட்டரில் வெப்ப சென்சாரை அளந்தோம். 80 டிகிரியில் 300 ஓம் பக்கத்தில் காட்டவேண்டியது 700-க்கு மேல் காட்டியது. இன்ஜின் ஐம்பது சொச்சம் டிகிரியில்தான் இருந்தது. சென்சாரைக் கழற்றிச் சூடான வெந்நீரில் இட்டுப் பார்த்தோம், எண் சரியாக இறங்கியது. அது பொய் சொல்லவில்லை. மதுரை வெயிலில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தான் கொடைக்கானலில் மார்கழி விடியலில் நிற்பதாக நம்பி, இன்னும் பெட்ரோல் கொடு, இன்னும் கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

வால்வு, ஹோஸ், விசிறிக்குப் பழையபடி ரிலே, பெட்ரோல் கலந்து நீர்த்திருந்த ஆயிலுக்குப் புது ஆயில். முள் பாதிக்கு வந்து நின்றது. மறுபடி அளந்தபோது 0.86. தேறவில்லை. இந்த இடத்தில் மனம் தளர்ந்து, வயசுதானோ என்று எனக்கே தோன்றும் அபாயம் இருந்தது. அண்ணன்தான் சொன்னார், இத்தனை நாள் கரி குடித்த ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கவேண்டும் என்று. அது சோம்பிப்போயிருந்தது. மாற்றினோம். இருபது நிமிடம் ஓட்டி, கன்வர்ட்டர் நன்றாகச் சூடான பிறகு போய் அளந்தோம். கார்பன் மோனாக்சைடு 0.29. ஹைட்ரோகார்பன் 168. மொத்தச் செலவு 6,400 ரூபாய். 22,000 ரூபாய்க் கன்வர்ட்டரைப் போட்டிருந்தால் சில மாதம் தேறியிருக்கும்; அதே புகை அதையும் தின்றிருக்கும்.

ஸ்பேனரை நான் பிடிக்கவில்லை, பிடித்தவர் அண்ணன். பெண்கள் எல்லோரும் மெக்கானிக் ஆகவேண்டும் என்று சொல்ல வரவில்லை. டிரைவிங் பள்ளியில் நமக்குக் கிளட்சும் ரிவர்ஸும் கற்றுத்தருகிறார்கள். பானட்டைத் திறக்கக் கற்றுத்தருவதில்லை. ஓட்டலாம், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கவேண்டாம் என்பது பாடத்திட்டத்தில் எழுதாத விதி. ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டை நம்மிடம் கொடுக்காமல் கூட வந்த ஆணிடம் நீட்டுவதும் அந்த விதிதான். "சார் வரலையா" என்ற கேள்விக்கும் அண்ணனின் "மூணும் கறுப்பா இருக்கு டீச்சர்" என்ற வாக்கியத்துக்கும் உள்ள தூரம்தான் என் அக்கறை. இரண்டாவது வாக்கியம் என்னைத் தன்னோடு சேர்ந்து பார்க்கச் சொன்னது.

என் மாணவிகள் பலர் இப்போது ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் இதே பரிசோதனை உண்டு, இதே சீட்டு உண்டு. அவர்களிடம் நான் சொல்வது சிறியது. தேறியது, தேறவில்லை என்ற சொல்லோடு திரும்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். எந்த வாயு, வரம்பு எவ்வளவு, போன தடவை எவ்வளவு என்று கேளுங்கள். போன தடவையும் இந்தத் தடவையும் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ரத்தப் பரிசோதனைக்கும் இதையே செய்யுங்கள். யாராவது வயதைக் காரணமாகச் சொன்னால், அது எத்தனை சதவீதத்துக்குக் காரணம் என்று கேளுங்கள்.

என் வண்டியின் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். தேதியைப் பெட்ரோல் கணக்குக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறேன்.