கோபோ மினியின் வயிற்றுக்குள்ளே

ராத்திரி முறை கரண்ட் வந்தால் தக்காளிக்குத் தண்ணி கட்ட மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன். அப்போ துணைக்கு இருப்பது கோபோ மினி. 2012-ல் வந்த மாடல், 5 அங்குலத் திரை, விளக்கு கிடையாது. தலையில் டார்ச் மாட்டிக்கிட்டுத்தான் படிக்கணும். பெங்களூருல வேலை பார்க்கிற அக்கா மகன் புதுசு வாங்கினப்போ இதை என்கிட்ட தள்ளிவிட்டான்.

வீட்டில் பேசுறது தெலுங்கு, எல்லை தாண்டினா கன்னடம், பள்ளிக்கூடத்துல படிச்சது தமிழ். ஜூஜுவாடிப் பக்கம் இது சகஜம். படிக்கிறதுன்னா எனக்குத் தமிழ்தான்.

சிக்கல் என்னன்னா, உள்ளே இருப்பது 2 ஜிபி. தட்டச்சு செஞ்ச இ-பப் நாவல் ஒரு எம்பிகூட வராது. ஆனா தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துல கிடைக்கிற பழைய புத்தகங்கள் பக்கம் பக்கமா ஸ்கேன் செஞ்சவை. ஒண்ணே முப்பது, நாப்பது எம்பி பிடிக்கும். சின்னத் திரையில் நகர்த்தி நகர்த்திப் படிக்கணும். எனக்குப் பொறுமை இருக்கு, இடம்தான் இல்லை.

கிண்டில்ல நினைவகத்தை போர்டோட பற்றவைச்சிருப்பாங்க. இதில் முதுகு மூடியை நகத்தால் நெம்பினா கழண்டு வருது. உள்ளே ஃபோன்ல போடுற அதே மைக்ரோ எஸ்டி கார்டு!

ஃபைலை மட்டும் காப்பி பண்ணினா ஆகாது. கார்டை மூணு பாத்தியா பிரிச்சிருக்காங்க: இயங்குற லினக்ஸ், கெட்டுப்போனா மீட்கிறதுக்கு ஒண்ணு, கடைசியில புத்தகம். சீரியல் நம்பரும் கருவியை எழுப்பிவிடுற நிரலும் இந்தப் பாத்திகளுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத இடத்துல இருக்கு. அதனால வின்32 டிஸ்க் இமேஜர் வைச்சு முழுக் கார்டையும் ஒரே இமேஜா மகளோட லேப்டாப்பில் எடுத்தோம். "பழைய கார்டுல எதையும் எழுதிடாதீங்கப்பா"ன்னு பத்து தடவை சொன்னா.

முதல்ல வாங்கின 32 ஜிபி கார்டு போலி. முழுக்க எழுதிச் சோதிச்சா 7 ஜிபிக்கு மேல எல்லாம் குப்பை. மட்ட விதை வாங்கி ஏமாந்த அதே எரிச்சல். ரெண்டாவது கார்டுல இமேஜை எழுதிச் சொருகினோம். திரையில அசைவே இல்லை. போச்சு, அருமையா இருந்ததை நானே கெடுத்துட்டேன்னு வயிறு கலங்கிடுச்சு. பார்த்தா கார்டு சரியா உட்காரலை. அழுத்தினதும் எழுந்துக்கிச்சு.

இருந்தும் 2 ஜிபின்னே காட்டுச்சு. மூணாவது பாத்தியோட வரப்பு பழைய இடத்துலயே நிக்குது! மகள் பார்ட்டிஷன் மென்பொருள்ல அதைக் கடைசிவரை இழுத்துவிட்டா. இப்போ 29 ஜிபி.

"நெலத்து வரப்பையும் இப்படி இழுத்துவிடச் சொல்லுங்க"ன்னா வீட்டுக்காரி. எங்களுக்கு ரெண்டு பக்கமும் கம்பெனிச் சுவர்.

பழைய கார்டைத் தீப்பெட்டியில போட்டு பீரோவில் வைச்சாச்சு. இன்னைக்குக் கரண்ட் பதினோரு மணிக்கு.