நாளை அறியாத சாட்சி

வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுபவை கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே. அவற்றின் பெருமை பெரிது, ஐயமில்லை. ஆயினும், கடந்த நூற்றைம்பது ஆண்டுக் காலத் தமிழர் வாழ்வை அறிய விழைவோர்க்கு அவற்றினும் நெருங்கிய துணை ஒன்று உண்டு. நம் முன்னோர் ஓரணாவுக்கும் இரண்டணாவுக்கும் வாங்கிப் படித்து, மறுநாள் அலமாரித் தட்டில் விரித்துப் போட்ட செய்தித்தாளே அது.

கல்வெட்டைப் பொறிக்கச் செய்த மன்னன், சந்திர சூரியர் உள்ளவரை அது நிலைத்திருக்க வேண்டும் என்று கருதினான். ஆகவே, பின்னோர் தன்னைப் பற்றி எதை அறிய வேண்டும் என்று விரும்பினானோ அதையே பொறித்தான். செய்தித்தாளின் ஆசிரியருக்கு அத்தகைய எண்ணம் ஏதுமில்லை. பொழுது விடிவதற்குள் பக்கம் நிரம்ப வேண்டும் என்பதே அவர் கவலை. நாளை என்ன நிகழும் என்பதை அறியாமலே அவர் இன்றைய நிகழ்ச்சியை எழுதினார். அந்த அறியாமையே பழைய இதழ்களுக்குத் தனிச்சிறப்பைத் தருகிறது என்பது நம் கருத்து.

எடுத்துக்காட்டாக, 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான ‘எம்டன்’ சென்னைமீது சுமார் 130 குண்டுகளை வீசியதை நாம் அறிவோம். துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அக்கப்பல் மீண்டும் சென்னைக்கு வரவில்லை என்பதும், நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவருகே ‘சிட்னி’ என்னும் ஆஸ்திரேலியக் கப்பலால் முறியடிக்கப்பட்டது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால், செப்டம்பர் 23ஆம் நாள் காலையில் செய்தித்தாளை விரித்த சென்னைவாசிக்கு இவை தெரியா. இன்றிரவும் வருமோ, மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிடலாமோ என்றெல்லாம் அவர் அஞ்சினார். வரலாற்று நூல் அந்த அச்சத்தை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும். அன்றைய செய்தித்தாளோ அந்த அச்சத்தினுள்ளேயே நின்று பேசும்.

நாம் வரலாற்றுப் பேராசிரியர் அல்லோம். மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர். பெற்ற பட்டம் பி.ஏ. விடுமுறை நாள்களில் பழைய இதழ்களைப் புரட்டுவது நம் நெடுநாள் பழக்கம். கோப்பைப் படிப்பவன் முதலில் தேதியைப் பார்ப்பான். யார் எழுதிய குறிப்பு என்று பார்ப்பான். எதிர்த்தரப்பின் கடிதம் எங்கே என்று தேடுவான். பழைய இதழ்களைப் படிக்கவும் இம்மூன்று பழக்கங்களே போதும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டோம்.

கப்பலும் காகிதமும்

வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1906 அக்டோபரில் பதிவு பெற்ற அக்கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தன் கப்பல்களை ஓட்டிப் பிரிட்டிஷ் கம்பெனியோடு போட்டியிட்டது. அந்தப் போட்டியில் வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை அடியோடு குறைத்தது, இலவசமாகவே ஏற்றிச் சென்றது, போதாக்குறைக்குக் குடையும் கொடுத்தது என்று மேடைகளில் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். எந்த மாதம், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்று கேட்டால் மேடை விடை கூறாது. அதற்கு உரைகல், அக்காலத்து இதழ்களில் வெளிவந்த கப்பல் அறிவிப்புகளும், பங்கு விளம்பரங்களும், வாசகர் கடிதங்களுமே. தலையங்கத்தைப் பலரும் படிப்பர். விளம்பரத்தைப் படிப்பவரே ஆராய்ச்சியாளர் எனலாம்.

1908 மார்ச்சு 12ஆம் நாள் வ.உ.சி. சிறைப்படுத்தப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஐரோப்பிய வணிகர் நலனைப் பேணிய ‘மெட்ராஸ் மெயில்’ இதனை ஒரு கண்ணால் கண்டது; சுதேச இதழ்கள் மற்றொரு கண்ணால் கண்டன. அரசாங்க ஆவணங்கள் ‘கலகம்’ என்று குறித்த அந்நிகழ்ச்சியை, ஆ. இரா. வேங்கடாசலபதி ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்று தம் நூலின் பெயரிலேயே எழுச்சியாக்கினார். 2024ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்ற நூல் அது. கலகம் எழுச்சியாவதற்கு உணர்ச்சி மட்டும் போதாது. இரு தரப்புக் காகிதங்களையும் ஒருசேர வைத்து ஆண்டுக்கணக்கில் படிக்கும் பொறுமையும் வேண்டும்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. அவ்வாண்டுகளில் தூத்துக்குடிக் கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி தன் குறையைத் தன் கையால் இதழுக்கு எழுதியிருத்தல் அரிது. அவர் குரல் நிருபரின் பேனா வழியாகவே நம்மை வந்தடைகிறது. இதழில் உள்ளதைப் படிப்பது போன்றே, அதில் யார் பேசவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கண்காணித்தவர்களே காத்தனர்

அக்காலத் தமிழ் இதழ்கள் பலவற்றின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. எனினும் அவற்றில் என்ன எழுதப்பட்டது என்பதை ஓரளவு அறிய முடிகிறது. காரணம் வியப்பானது. சுதேச மொழி இதழ்கள் தனக்கெதிராக என்ன எழுதுகின்றன என்பதை அறிய விரும்பிய ஆங்கில அரசு, மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, வாரந்தோறும் அவற்றின் சுருக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுவித்து இரகசிய அறிக்கையாக அச்சிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வெளிவந்த இவ்வறிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் தங்கிவிட்டன. இதழை நடத்தியவர் சிறை புகுந்தார், இதழும் அழிந்தது, அதை வேவு பார்த்த கோப்பு மட்டும் வாழ்கிறது!

பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளர்களும் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களே. ஆகவே அவர்களுடைய பணியின் எல்லையும் நமக்கு விளங்குகிறது. மேலதிகாரி எதைக் கேட்டாரோ அதையே அவர்கள் எடுத்தெழுதினர். ராஜத்துரோகம் என்று ஐயுறத்தக்க பகுதிகள் அறிக்கையில் ஏறின. மழை, சந்தை, திருவிழா, நெல் விலை பெரும்பாலும் ஏறவில்லை. மேலும், கருத்து கிடைக்கிறதேயன்றி அக்கருத்தைச் சொன்ன தமிழ் கிடைக்கவில்லை. ஆதலின் இவ்வறிக்கைகளை மட்டுமே படிப்பவர், அன்றைய தமிழன் காலை முதல் இரவு வரை அரசியலே பேசிக்கொண்டிருந்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடும்.

இதழ்களிலிருந்து மீண்ட பாரதி

பழைய இதழ்களால் தமிழ் பெற்ற பெரும்பயன் யாது என்று கேட்டால், பாரதி என்றே விடை கூறுவோம். 1904இல் ‘சுதேசமித்திரன்’ அலுவலகத்தில் சேர்ந்த நாள் தொட்டு அவர் வாழ்வு இதழ்களோடு பிணைந்தது. 1906இல் தோன்றிய ‘இந்தியா’ வார இதழ் 1908இல் புதுச்சேரிக்கு இடம் பெயர்ந்தது. 1921இல் அவர் மறைந்தபோது, அவருடைய உரைநடையில் பெரும்பகுதி நூல் வடிவம் பெறாமல் இதழ்களிலேயே கிடந்தது. பெ. தூரன் ‘சுதேசமித்திர’னைத் துருவித் தொகுத்த ‘பாரதி தமிழ்’ 1953இல் வந்தது. ‘இந்தியா’ கட்டுரைகளை இளசை மணியன் ‘பாரதி தரிசனம்’ என்று தொகுத்தார். சீனி. விசுவநாதன் தம் வாழ்நாள் உழைப்பாகக் காலவரிசைப்படுத்திய பாரதி படைப்புகள் 23 தொகுதிகளாக, 2024 டிசம்பர் 11ஆம் நாள் நம் தலைநகரிலேயே வெளியிடப்பெற்றன. பாரதி மறைந்து நூறாண்டு கடந்த பின்னரும் இப்பணி நடந்தது என்றால், தாள்கள் சிதறிய பின் ஒன்று சேர்ப்பது எத்துணை அரிது என்பதை உணரலாம்.

சேர்த்து வைத்தவர்களையும் மறத்தலாகாது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூடத் தேடித்தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. பல்கலைக்கழகங்கள் செய்யாத பணியைச் சிற்றூரில் ஒரு தனிமனிதர் தம் வீட்டறைகளில் செய்து முடித்தார்.

தேதியும் தாளும்

பழைய இதழைக் கையிலெடுக்கும் புதியவர்க்குச் சில குறிப்புகள் கூறுதல் பொருந்தும். தமிழாண்டுப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1906, 1966, 2026 ஆகிய மூன்றிலும் சித்திரையில் பிறக்கும் ஆண்டு ‘பராபவ’வே. ஆகவே அட்டையிழந்த இதழில் ‘பராபவ ஆவணி’ என்று கண்டவுடன் ஆண்டை முடிவு செய்தலாகாது. எழுத்து வடிவம், விலை, விளம்பரம் ஆகியவற்றைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்கும். 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் கட்டாயமாக்கிய வரி அது. ஆட்சியாளர் தம் வசதிக்காக விதித்தது, இன்று ஆராய்ச்சிக்குத் துணையாகிறது. செய்தி நிகழ்ந்த நாளும் அச்சான நாளும் வெவ்வேறு என்பதையும் மறவாதீர். ‘நேற்று’ என்ற சொல் எந்த ஊரின் நேற்று என்று கேட்பது நலம்.

வீட்டில் உள்ளவற்றைக் காப்பதும் எளிதே. செய்தித்தாள் மரக்கூழால் ஆனது. வெயில் பட்டால் பழுத்து நொறுங்கும். மடிக்காமல் தட்டையாக வைத்தல் வேண்டும். கிழிசலைப் பசைநாடாவால் ஒட்டுதல் கூடாது. துண்டு கத்தரித்து வைப்போர் இதழின் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் உடனே எழுதி வைக்க வேண்டும். தேதியில்லாத் துண்டு, எண்ணில்லாக் கோப்பைப் போன்றது, இருந்தும் பயனில்லை. இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியால் பக்கங்களைப் படமெடுத்து வைப்பதும் ஒரு நற்பணியே.

நம் அன்னையர் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்துக் கட்டி வைத்தனர் அன்றோ? 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ அவ்வாறு கட்டப்பெறாத இல்லம் குறைவு. கதை இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பக்கத்தின் மறுபுறம் தவறி வந்து தங்கிவிட்ட விளம்பரமும் துணுக்கும் அக்கட்டில் மட்டுமே கிடைக்கும். கதைக்காகக் காத்தார்கள், அவர்கள் அறியாமலே காலமும் காக்கப்பட்டது.

நம் இல்லத்து ஆவணம்

இதுகாறும் கூறியது பெரியோர் வரலாறு. பிழைப்புக்காக வடக்கே வந்த நம் குடும்பங்களின் வரலாறு எங்கே உள்ளது? அதை எந்த ஆவணக் காப்பகமும் சேர்த்து வைக்கவில்லை. 1965இல் கி. கஸ்தூரிரங்கன் தில்லியில் தொடங்கிய ‘கணையாழி’ போன்ற இதழ்களிலும், சங்க மலர்களிலும், விழா அழைப்பிதழ்களிலுமே அது சிதறிக் கிடக்கிறது.

நம் தந்தையார் 1968இல் தில்லிக்கு வந்து, முப்பத்தாறு ஆண்டுகள் அரசுப் பணி செய்து ஓய்வு பெற்றவர். சிரிப்பதற்கும் கணக்குப் பார்ப்பவர் என்றே நாம் அவரை அறிந்திருந்தோம். அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், நண்பர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய 1974ஆம் ஆண்டு மலர் ஒன்றைப் புரட்டினோம். காப்பித்தூள், அப்பளம், வீணை வகுப்பு விளம்பரங்களுக்கிடையே பொங்கல் நாடகத்தில் நடித்தோர் பட்டியல் இருந்தது. அதில் ‘விதூஷகன்’ என்ற வேடத்திற்கு நேரே நம் தந்தையாரின் பெயர்! அவருடைய பணிப்பதிவேட்டில் ஊதிய உயர்வு உண்டு, எடுத்த விடுப்பு உண்டு, அங்க அடையாளம்கூட உண்டு. அவர் ஊராரைச் சிரிக்க வைத்த செய்தி இல்லை. தில்லியில் பிறந்து, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நம் மகள் அந்தப் பெயரை இருமுறை படித்தாள். “தாத்தா காமெடியனா?” என்று கேட்டாள். அதற்கு முந்திய மலரிலும் பிந்திய மலரிலும் அவர் நடித்தாரா என்பதற்கு விடையில்லை. அம்மலர்கள் குடியிருப்பு காலி செய்த வீடொன்றிலிருந்து கபாடிவாலாவின் தராசுக்குப் போய்விட்டன என்று நண்பர் சொன்னார்.

அலுவலகத்தில் கோப்பைக் கழிப்பதற்கும் விதி உண்டு. நிலையாகக் காக்க வேண்டியது, குறிப்பிட்ட காலம் வைத்துக் கழிக்க வேண்டியது என்று பிரித்து, உரியவர் கையொப்பமிட்ட பின்னரே கழிக்க முடியும். வீட்டில் அவ்விதி இல்லை. இடமாற்ற உத்தரவும், அலமாரியின் அகலமும், கிலோவின் விலையுமே முடிவு செய்கின்றன. முதல் தலைமுறையினர் ஒவ்வொருவராய் மறைந்துவரும் இந்நாளில், இம்முடிவுகள் விரைந்து நடைபெறுகின்றன.

எனவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். போகியன்று பழையன கழிப்பது நம் மரபு; அதை மாற்ற வேண்டா. போகிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டிலுள்ள மூத்தோரை அருகே அமர்த்திக்கொண்டு பரணை இறக்குங்கள். பழைய மலர், அழைப்பிதழ், நாடக நோட்டீசு, தொடர்கதைக் கட்டு எதுவாயினும் தேதியைத் தேடுங்கள். தேதி இல்லையேல் மூத்தோரைக் கேட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லாதவற்றைச் சங்க நூலகத்தில் சேருங்கள். எஞ்சியதைத் தராசில் போடலாம், தவறில்லை.