பாட வந்த நடிகர்கள்

ஆபிரிக்க நாடுகளின் ஜனரஞ்சக இசையைக் குறித்து எம்மவரிடையே இரு அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. அப்பாட்டுக்களோடு வரும் படக்காட்சிகள் யாவும் பணக்காரக் கேளிக்கையின் விளம்பரங்களே என்பது ஒன்று. நடிப்பாலே பெயர் பெற்றவர்கள் குரல்வளமின்றியே பாட முன்வருவது கலைக்கு இழைக்கும் துரோகம் என்பது மற்றொன்று. சங்கீத பண்டிதர்கள் மாத்திரம் இவ்வாறு கூறின் நாம் அதனைப் பெரிதாகக் கொண்டிருக்கமாட்டோம். முற்போக்கு எண்ணமுடைய ஆசிரிய நண்பர்களும் இதனையே கூறுகின்றனர். கைத்தொலைபேசியில் நைஜீரியப் பாட்டொன்றைப் பார்த்து நிற்கும் மாணவனைக் கண்டால் முகஞ் சுளிக்கின்றனர். மக்களின் பக்கம் நிற்போம் என்று கூறுவோர், மக்கள் விரும்பும் ஒன்றை ஆராயாமலே ஒதுக்குவது முறையன்று. நைஜீரியாவை உதாரணமாகக் கொண்டு இதனைச் சிறிது நோக்குவோம்.

நடிகன் வேறு, பாடகன் வேறு என்னும் பிரிவு எங்கிருந்து வந்தது? யோருபா மக்களின் நடமாடும் அரங்கில் அது இருந்ததில்லை. நவீன நைஜீரிய நாடகத்தின் தந்தை எனப் போற்றப்படும் ஹியூபேட் ஓகுண்டே (1916–1990) ஆரம்பத்தில் பொலிஸ் சேவையில் இருந்தவர். 1944இல் தேவாலயம் ஒன்றுக்காக விவிலியக் கதையை இசை நாடகமாக்கி மேடையேற்றினார். பின்னர் உத்தியோகத்தை விட்டுக் கலையையே தொழிலாகக் கொண்டார். அவருடைய குழுவில் ஆடத் தெரிந்தவர் பாடவும் வேண்டும். பாடத் தெரிந்தவர் நடிக்கவும் வேண்டும். நாடகப் பாட்டுக்கள் இசைத்தட்டுக்களாகவும் வெளிவந்து, கொட்டகைக்கு வரவியலாதவர் வீடுகளிலும் ஒலித்தன. எமக்கும் இது புதுமையன்று. மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக நின்ற காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவைப் பார்த்து, இவர் நடிகரா பாடகரா என்று எவரும் கேட்டதில்லை.

ஓகுண்டே எதனைப் பாடினார் என்பது இன்னும் முக்கியம். 1945இல் நைஜீரியத் தொழிலாளர் நடத்திய பொது வேலைநிறுத்தத்தை வைத்து அவர் ஆக்கிய நாடகத்தின் பெயர் ‘வேலைநிறுத்தமும் பசியும்’. 1949 நவம்பரில் எனுகு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மீது காலனித்துவப் பொலிஸார் சுட்டதில் 21 பேர் மாண்டனர். மறு ஆண்டிலே ‘ரொட்டியும் துப்பாக்கிக் குண்டும்’ மேடையேறிற்று. வெள்ளைக்கார அதிகாரிகள் அவருடைய நாடகங்களைத் தடுத்தனர் என்பதில் வியப்பில்லை. சுதந்திரம் கிடைத்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 1964இல், ‘யோருபா மக்களே, சிந்தியுங்கள்’ என்ற பொருளுடைய நாடகத்தை எழுதியபோது, அவருடைய சொந்த மாகாணமாகிய மேற்கு நைஜீரியாவின் சுதேச ஆட்சியாளர்களே அவருடைய குழுவைத் தடைசெய்தனர். அத்தடை 1966 வரை நீடித்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாது விடுவது நேர்மையாகாது. நடிகையர் குழுவை விட்டு நீங்காதிருக்கும் பொருட்டு ஓகுண்டே அவர்கள் பலரை மணந்து கொண்டார். பாடியும் ஆடியும் ஊரூராக அலைந்த அப்பெண்களின் உழைப்பு கணவனின் பெயரிலேயே வரவு வைக்கப்பட்டது. பின்னாளில் ஒரு நடிகை தன் பெயரையும் முகத்தையும் அட்டையில் பொறித்துத் தன் பாட்டைத் தானே விற்க முன்வந்ததைக் கண்டு நகைப்போர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

அந்தப் பின்னாளைப் புரிந்துகொள்ள நைஜீரிய விடியோப் படத் தொழிலின் பிறப்பை அறிதல் வேண்டும். 1980களில் எண்ணெய் விலை வீழ்ந்தது. 1986இல் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் காட்டிய பாதையில் ‘கட்டமைப்புச் சீராக்கல்’ நடைமுறைக்கு வந்தது. நைராவின் பெறுமதி சரிந்தது. நாணயத்தின் பெறுமதி சரிந்தால் என்னவாகும் என்பதை 2022ஆம் ஆண்டைக் கண்ட எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. படச்சுருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை, படமாளிகைகள் மூடப்பட்டன, இரவில் வெளியே செல்லவும் மக்கள் அஞ்சினர். இந்நிலையிலேதான் 1992இல் கென்னத் இன்னெபூவே என்னும் வியாபாரி ‘லிவிங் இன் பொண்டேஜ்’ என்ற படத்தை இக்போ மொழியில் தயாரித்து, நேரே விடியோ கசெற்றில் விற்றார். கையிருப்பில் தேங்கிய வெற்றுக் கசெற்றுக்களை விற்கும் உபாயமாகவே அவர் படமெடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், தொழிலின் இலட்சணத்தை அது சரியாகவே காட்டுகின்றது. கலைஞர்களோ அரசாங்கமோ இத்தொழிலைத் தொடங்கவில்லை; லாகோஸ் நகரின் இடுமோட்டா, அலாபா சந்தைகளிலும் ஒனிற்சாவிலும் கடை வைத்திருந்த கசெற் வியாபாரிகளே முதல் போட்டனர். எதை எடுப்பது, எவரைச் சேர்ப்பது, எத்தனை நாளில் முடிப்பது என்பதையெல்லாம் அவர்களே தீர்மானித்தனர். யுனெஸ்கோ 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, 2006ஆம் ஆண்டில் இந்தியா 1,091 படங்களையும், நைஜீரியா 872 படங்களையும், அமெரிக்கா 485 படங்களையும் தயாரித்தன. எண்ணிக்கையில் அமெரிக்காவை முந்திய அத்தொழிலின் கடிவாளம் சந்தைக் கடைகளில் இருந்தது.

2004இல் அவ்வியாபாரிகள் ஒன்றுகூடி, ஊதியத்தை மிக உயர்த்திவிட்டனர் எனக் குற்றஞ்சாட்டி, முன்னணி நடிகர் பலரைச் சுமார் ஓராண்டுக்கு எப்படத்திலும் சேர்ப்பதில்லை எனத் தீர்மானித்தனர். ஜெனிவீவ் நாஜி, ஒமொடோலா ஜலாடே எகெயின்டே, ரம்சி நூவா, என்கெம் ஓவோ முதலியோர் அப்பட்டியலில் இருந்தனர். தொழிற்சங்க மொழியில் இதற்குக் கதவடைப்பு என்று பெயர். அதே 2004ஆம் ஆண்டில் ஜெனிவீவ் நாஜியின் இசைத்தொகுப்புக் கானா நாட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் வெளிவந்தது. 2005இல் ஒமொடோலாவின் தொகுப்பும் வந்தது. திரையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாட வந்தமைக்குப் புகழாசை ஒன்றையே காரணமாகக் கூறுவோர், இந்த ஆண்டுகளை ஒருமுறை அருகருகே வைத்து நோக்கட்டும். ஆலைக் கதவு மூடப்பட்டால் தொழிலாளி கைவண்டி தள்ளுகின்றான். அவன் வண்டி தள்ளும் அழகைப் பற்றி நாம் விமர்சனம் எழுதுவதில்லை.

அப்பாட்டுக்கள் உயர்ந்தவை என்பது எம் வாதமன்று. இரண்டாம் முறை கேட்கத்தக்கவை அவற்றுள் சிலவே. ஜெனிவீவ் நாஜியும் பாடகியாக நிலைபெறவில்லை. 2018இல் ‘லயன்ஹார்ட்’ என்ற படத்தை இயக்கியே மீண்டும் உலகறியப் பேசப்பட்டார். மேலும், நட்சத்திரங்களுக்குப் பாட்டென்னும் வேறு வழியாவது இருந்தது. அவர்களுக்கு விளக்குப் பிடித்தவர்களுக்கும் உடை தைத்தவர்களுக்கும் எந்த வழி இருந்தது என்பதை எழுதியவர் அரியர்.

அக்காலத்து நடிகர் பாட்டுக்களுள் உலகெங்கும் பரவியது என்கெம் ஓவோவின் பாட்டேயாகும். 2005இல் வந்த ‘த மாஸ்டர்’ என்ற படத்தோடு சேர்ந்தது அது. கடிதங்கள் அனுப்பி அந்நிய நாட்டாரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் எத்தனொருவன், உன் டொலரைத் தின்பேன் என்று பிஜின் ஆங்கிலத்தில் எக்களிக்கின்றான். எத்தனின் வேடத்தில் நின்று பாடுபவர் நகைச்சுவை நடிகர். இதனை நையாண்டி என்பதா, களவுக்குப் பாடிய பரணி என்பதா? அந்நாட்டில் இரு விதமாகவும் கொண்டனர். காலனித்துவத்தார் கொண்டு சென்றதிற் சிறிது திரும்பி வருகின்றது என்று மகிழ்ந்தவர்களும் இருந்தனர். நாம் அதனை ஏற்கமாட்டோம். ஏமாற்றப்பட்டவர்களிற் பலர் சேமிப்பை இழந்த சாதாரண மக்கள். அவர்களா நைஜீரியாவின் எண்ணெயைக் கொண்டு சென்றவர்கள்? ஆயினும், உழையாமற் கோடி சேர்க்கலாம் என்னும் பேராசை ஏமாற்றுபவனிடம் மாத்திரமன்றி ஏமாறுபவனிடமும் உண்டு என்பதை அப்பாட்டு அளவுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கட்டுரை எதனையும் நாம் படித்ததில்லை. நடிகர் ஒருவராலேதான் அதனை அவ்வாறு பாட இயலும். குரல்வளம் மிக்க பாடகர் பாடியிருப்பின் எத்தன் மறைந்து இராகம் மாத்திரமே எஞ்சியிருக்கும்.

இனிப் படக்காட்சிகளை நோக்குவோம். நண்பர்களின் குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமலில்லை. பெருங்கார்கள், மாளிகை, மதுப்போத்தல், அலங்காரப் பொருள்போல் நிறுத்தப்படும் பெண்கள் ஆகியவற்றை ஏராளமான பாட்டுக்களிற் காண்கின்றோம். மின்சாரம் ஒழுங்காக வராத வீடுகளிலிருந்து இளைஞர் இவற்றைப் பார்க்கின்றனர். டிபான்ஜ் என்பவரின் ‘ஒலிவர் ருவிஸ்ற்’ 2012இல் பிரித்தானியாவின் பாட்டுத் தரவரிசையில் முதற் பத்துக்குள் நுழைந்தது. சார்ள்ஸ் டிக்கன்ஸின் ஒலிவர், வறியோர் வேலை விடுதியிலே பசி பொறாது இன்னுங் கொஞ்சம் கஞ்சி கேட்ட சிறுவன். நைஜீரியப் பள்ளிகளிற் படித்தவர் அனைவரும் அறிந்த அப்பெயர், பாட்டில், புகழ்பெற்ற பெண்களுள் இன்னும் ஒருத்தி வேண்டும் என்று கேட்பவனின் பெயராகிவிட்டது. ஒரு தொழிற்சாலை யுகத்தின் பசியை இவ்வளவு இலேசாகக் கேளிக்கையாக மாற்றலாம் என்பதை இலக்கியம் கற்பிக்கும் நாம் சற்று மனவேதனையோடுதான் பார்த்தோம். தாளம் என்னவோ காலைத் தட்ட வைக்கின்றது, அதனை மறுப்பதற்கில்லை. அத்தாளங்களின் தூரத்து உறவொன்று எம் நாட்டிலும் உண்டு. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் மாஞ்சாப் பாட்டைக் கேட்டவர், கலியாண வீட்டுப் பைலாவைக் கேட்கும்போது அதனை உணர்வர்.

ஆனால் கருவியைக் கொண்டு கலையைத் தீர்மானிக்கலாகாது. 2018 மே மாதத்தில் ஃபால்ஸ் என்ற இளைஞர் ‘இதுதான் நைஜீரியா’ என்ற பாட்டின் படக்காட்சியை வெளியிட்டார். இவர் சட்டம் பயின்றவர். பாட்டோடு நடிப்பிலும் ஈடுபட்டு, 2016இல் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஆபிரிக்க விருதொன்றைப் பெற்றவர். அமெரிக்க நடிகரும் பாடகருமான டொனால்ட் குளோவர் அதே மாதத்தில் வெளியிட்ட ‘இதுதான் அமெரிக்கா’வின் அமைப்பை வெளிப்படையாகவே எடுத்தாண்டு, அதில் தன் நாட்டை நிறுத்தினார். பாட்டின் தொடக்கத்தில் ஒலிப்பது அவருடைய தந்தையும் மனித உரிமைச் சட்டத்தரணியுமான ஃபெமி ஃபலானாவின் குரல். நாட்டின் ஊழலுக்கு வேர் அதன் சுரண்டற் பொருளாதாரத்திலேயே உள்ளது என்கின்றது. பின்னர் பொலிஸாரின் அத்துமீறலும், தண்டனை பெறாத அரசியல்வாதிகளும், பகலெல்லாம் இரண்டு மூன்று வேலை செய்தும் சோம்பேறிகள் என ஏசப்படும் இளைஞரும் அடுக்கடுக்காக வருகின்றனர். அந்த ஏச்சு, அவ்வாண்டு ஏப்ரலில் ஜனாதிபதி புஹாரி இலண்டனிற் பேசிய பேச்சோடு தொடர்புடையது. முக்காடிட்ட சிறுமியர் சிலர் நடனமாடுகின்றனர். 2014இல் சிபோக் பள்ளியிலிருந்து கடத்திச் செல்லப்பட்ட 276 மாணவியரை நினைவூட்டவே அவர்களை நிறுத்தியதாக ஃபால்ஸ் விளக்கினார். முஸ்லிம் அமைப்பொன்று அதனை மத நிந்தனையெனக் கண்டித்தது. ஆகஸ்டில் ஒலிபரப்பு ஆணைக்குழு அப்பாட்டு ஆபாசமானதெனக் கூறி, அதனை ஒலிபரப்பிய வானொலி நிலையம் ஒன்றுக்கு அபராதம் விதித்தது. கார்களும் மதுப்போத்தல்களும் நிறைந்த பாட்டுக்கள் மறுநாளும் தடையின்றி ஒலித்தன.

ஃபால்ஸ் பாடிய யாவற்றுக்கும் நாம் உடன்பாடல்லோம். பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் உபதேசிக்கும் இடங்களில் வறுமையை மறந்து பேசுகின்றார். எனினும் தமது பரம்பரை எது என்பதை அவர் அறிந்திருக்கின்றார். 2019இல் வந்த அவருடைய தொகுப்பில் ஃபெலா கூட்டியின் இசைத்துணுக்குகள் எடுத்தாளப்பட்டன. ஃபெலாவின் இசைத்தட்டுக்களுக்கு ஓவியந் தீட்டிய லெமி கரியோக்வூவே அதற்கும் அட்டை வரைந்தார். ஃபெலா, படைவீரரை நடைப்பிணங்கள் என்று எள்ளிப் பாடியவர். 1977 பெப்ரவரி 18இல் படையினர் அவருடைய இல்லத்தைத் தாக்கி எரித்தனர்; முதுமையடைந்த தாயாரைச் சாளரத்தினூடே வெளியே எறிந்தனர். மறு ஆண்டில் அவ்வம்மையார் காலமானார். காலனித்துவத்தை எதிர்த்துப் பெண்களைத் திரட்டிய ஃபுன்மிலாயோ ரன்சம் கூட்டி அவரே.

2020 அக்டோபரில் ‘சார்ஸ்’ என்ற பொலிஸ் பிரிவைக் கலைக்கக் கோரி இளைஞர் வீதிக்கு வந்தபோது, லாகோஸில் அவர்களை அழைத்து முன்னே நடந்தவர்களுள் ஃபால்ஸும் ஒருவர். அம்மாதம் 20ஆம் திகதி இரவு லெக்கி சுங்கச்சாவடியிலே, நிலத்தில் அமர்ந்து தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்தவர்கள் மீது படையினர் சுட்டனர். 2021 நவம்பரில் வெளிவந்த விசாரணைக் குழுவின் அறிக்கை அதனைப் படுகொலை எனக் கூறத் தகும் என்றது. லாகோஸ் மாநில அரசாங்கம் அம்முடிவை நிராகரித்தது.