வில்லுக்கு வழிவிட்ட இடுப்பு

மிலானில் ஏறிய ரயில் போ நதிச் சமவெளியில் தென்கிழக்காக ஓடுகிறது. இரு பக்கமும் மக்காச்சோள வயல், வாய்க்கால், வரிசையாக நிற்கும் பாப்லர் மரங்கள். கிரெமோனாவில் இறங்கி ஊருக்குள் நடந்தால், 112 மீட்டர் உயர டொராட்ஸோ மணிக்கோபுரம் ஓட்டுக் கூரைகளுக்கு மேலே எழுந்து நிற்கிறது. இந்தக் கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் 16ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா அமாத்தி பட்டறை போட்டார். அவருடைய பேரன் நிக்கோலோ, பிறகு அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி, குவர்னேரி குடும்பத்தார் என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உலகின் மிகச் சிறந்த வயலின்கள் இங்கே பிறந்தன.

வயலினைக் கச்சேரி மேடையில் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பார்த்துப் பழகியதாலேயே அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. மேலும் கீழும் அகன்று நடுவில் ஏன் ஒடுங்க வேண்டும்? நாலு கூர்மூலைகள் எதற்கு? தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு இரு பக்கமும் வளைந்த பிளவுகள் ஏன்? அழகுக்காக என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். கிரெமோனாவில் பார்த்தவையும் கேட்டவையும் எனக்கு வேறொன்றைச் சொல்லின. அழகு பின்னால் வந்தது. முன்னால் வந்தவை கை, பசை, ஆட்டுக் குடல் நரம்பு.

2013இல் திறந்த வயலின் அருங்காட்சியகத்தில், பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் சார்லஸுக்காக அமாத்தி 1566ஐ ஒட்டிச் செய்த வயலினும், ஸ்ட்ராடிவாரி 1715இல் செய்த ‘இல் கிரெமோனேசே’யும் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. கூட்டமெல்லாம் அங்கேதான். என்னைப் பிடித்து நிறுத்தியவை ஸ்ட்ராடிவாரியின் பட்டறைச் சாமான்கள். அவர் 1737இல் இறந்த பிறகு, அவருடைய மகன் பாவ்லோவிடமிருந்து கோட்சியோ என்ற பிரபு இவற்றை வாங்கினார். பின்னர் ஜியூசெப்பே ஃபியோரினி என்ற வயலின் கலைஞர் அவற்றை விலைகொடுத்து வாங்கி, 1930இல் ஊருக்கே தானமாகத் தந்தார். அந்த மனிதரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். அவர் இல்லாவிட்டால் இந்தப் பலகைகள் எங்கெங்கோ சிதறியிருக்கும்.

அந்தப் பலகைகள்தாம் அச்சுகள். ஒரு விரல் கனம்கூட இராது. வயலினின் உள்வடிவம் அப்படியே வெட்டப்பட்டிருக்கிறது. ஓரத்தில் ஆறு இடங்களில் சதுரமாகக் குடைந்திருக்கிறார்கள்: தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, மூலைகளில் நாலு. மேலே மையில் எழுதிய எழுத்துகள்: பி, ஜி, எஸ். பக்கத்திலேயே தாள் வெட்டுகள். அவற்றில் குனிந்து பார்த்தால் கவராயத்தின் முள் குத்திய தடம் தெரிகிறது. அமாத்தி காலத்துக் கைவினைஞர்களுக்கு அளவுகோலைவிடக் கவராயம்தான் நெருக்கம். ஒரு நீளத்தை எடுத்து அதைப் பாதியாக்கி, மூன்றில் இரண்டாக்கி, அந்த விகிதங்களிலிருந்தே வட்டவில்களை இழுத்து உருவத்தைக் கூட்டினார்கள். ஆனால் எந்த இடத்தில் எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்பதைக் கவராயம் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது.

இன்றும் இந்தச் சிறு ஊரில் நூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. நான் போனது ஒரு ஜப்பானியப் பெண்மணியுடையது. இங்குள்ள வயலின் செய்யும் பள்ளியில் படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். நான் என் கேள்வியைக் கேட்டதும் அவர் பதில் சொல்லவில்லை. ஒரு வயலினையும் வில்லையும் என் கையில் கொடுத்து, “ஓரத்துத் தந்தியை மட்டும் தொடுங்கள்” என்றார்.

விரலால் மீட்டும் வாத்தியத்தில் தந்திகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கலாம். வில் நேர்க்கோடு. மட்டமாக இருக்கும் நாலு தந்திகளில் அதை வைத்தால் நாலும் சேர்ந்து கத்தும். ஒவ்வொன்றாகத் தொட வேண்டுமானால் குதிரையின் தலை வளைவாக இருக்க வேண்டும். குதிரை வளைந்தால், கடைசித் தந்தியைத் தொட வில்லை நன்றாகச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் வில் உடலில் இடிக்கும். குதிரையை உயர்த்திப் பார்க்கலாம், ஆனால் உயர உயர அதன் நிலை தடுமாறும். உடலையே ஒடுக்கமாகச் செய்யலாம். ரெபெக் என்ற பழைய வில் வாத்தியம் அப்படித்தான் இருந்தது, ஆனால் உள்ளே காற்று குறைவு, கீழ்ச்சுரங்கள் மெலிந்துவிடும். கடைசியில் மிஞ்சிய வழி, மேலும் கீழும் அகலத்தை விட்டுவைத்து, வில் போகும் இடத்தில் மட்டும் உள்ளே வாங்குவது. நான் வில்லைச் சாய்த்தபோது அது அந்தக் குழிவுக்குள் ஒரு விரற்கடை இடைவெளியோடு போய்வந்தது.

பிறகு மூலைகள். அவர் ஒரு மேப்பிள் பட்டையை நனைத்துச் சூடேறிய இரும்புக் குழாயில் அழுத்தினார். ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். நீராவி சீறியது, ரொட்டி சுடுவது போன்ற மணம் வந்தது, பட்டை மெதுவாக இணங்கியது. ஒரே பட்டையில் வெளிவளைவையும் இவ்வளவு ஆழமான உள்வளைவையும் கொண்டுவருவது கடினம். ஆகவே இடுப்புக்குத் தனிப் பட்டை. இரண்டு பட்டைகள் சந்திக்கும் இடத்தில் உள்ளே ஒரு சிறு கட்டையை வைத்து ஒட்ட வேண்டும். அச்சில் பார்த்த குடைவுகள் அந்தக் கட்டைகளுக்கான இருக்கைகள். வெளியே கொம்புபோல் நீள்வது அந்த மூட்டின் நுனி.

மேல்பலகையும் கீழ்ப்பலகையும் பக்கப் பட்டைகளைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நீண்டிருப்பதையும் காட்டினார். மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கும், விரியும். ஓரம் நீட்டிக்கொண்டிருந்தால் பட்டை பிதுங்கித் தெரியாது. பழுது பார்க்கக் கத்தியைச் செருகித் திறக்கவும் இடம் உண்டு. ஒட்டுவது நம் தச்சர்கள் வஜ்ரம் என்று சொல்லும் அதே விலங்குப் பசை. மேல்பலகைக்கு அதை வேண்டுமென்றே நீர்க்கக் கலக்குகிறார்கள், மரம் பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று. முன்னூறு ஆண்டு வயலின்கள் இன்று நம் காதில் விழுவதற்கு இந்த முன்யோசனை ஒரு பெரிய காரணம். என் மனத்தை மிகவும் தொட்டதும் இதுதான்: தாம் இறந்த பிறகு வரப்போகும் பழுதுபார்ப்பவருக்காக அவர்கள் வடிவத்திலேயே கதவு வைத்திருக்கிறார்கள்.

கை எவ்வளவு பெரிய அதிகாரி என்பதை வயோலாவிடம் கேட்க வேண்டும். வயலினைவிட ஒரு பஞ்சம இடைவெளி கீழே ஒலிப்பது அது. வயலினின் உடல் 35.5 செ.மீ. அதே விகிதத்தில் பெருக்கினால் வயோலா 53 செ.மீ. இருக்க வேண்டும். அதைத் தோளில் வைத்து எந்த மனிதக் கை எட்டும்? இன்றைய வயோலாக்கள் பெரும்பாலும் 40 செ.மீ.யைச் சுற்றியே இருக்கின்றன. அதன் மங்கிய, அடித்தொண்டைக் குரல் அந்தச் சமரசத்தில் பிறந்தது.

நரம்பின் கதை இன்னும் சுவையானது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தந்தி என்றால் பெரும்பாலும் முறுக்கிய ஆட்டுக் குடல். கீழ்ச்சுரம் வேண்டுமானால் நரம்பு தடிக்க வேண்டும், அல்லது நீள வேண்டும். தடித்தால் விறைத்து ஒலி செத்துவிடும். எனவே நீட்டினார்கள். தியோர்போ என்ற மீட்டு வாத்தியத்தின் கழுத்து ஆள் உயரத்துக்கு வளர்ந்தது இதனால்தான். செல்லோக்களும் பெருத்துக் கிடந்தன. பிறகு நரம்பின்மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றும் வித்தை வந்தது. நீளம் கூடாமலே எடை கூடியது. ஸ்ட்ராடிவாரி 1707ஐ ஒட்டி 75 செ.மீ. அளவில் ஒரு புதிய செல்லோ வடிவத்துக்கு வந்து சேர்ந்தார். பழைய பெரிய செல்லோக்கள் பலவற்றை ரம்பத்தால் அறுத்துச் சிறிதாக்கினார்கள். ஒரு கம்பிச் சுற்று ஒரு வாத்தியத்தின் உடம்பையே மாற்றிவிட்டது.

குதிரைக்கு இரு பக்கமும் உள்ள பிளவுகளுக்கும் காரணம் உண்டு. பழைய வில் வாத்தியங்களில் வட்டத் துளைகள், பிறகு அரைவட்டம், பிறகு பிறைவடிவம், கடைசியில் இந்த நீண்ட கொடி வளைவு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் கிரெமோனா மரபின் 470 வாத்தியங்களை அளந்து 2015இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உள்ளிருக்கும் காற்று துளையின் ஓரத்தை ஒட்டித்தான் வேகமாகப் பாய்கிறது. பரப்பைவிட ஓரத்தின் நீளமே ஒலியின் வலுவைத் தீர்மானிக்கிறது. அமாத்தியிலிருந்து குவர்னேரி வரை அந்தப் பிளவு நீண்டுகொண்டே போயிருக்கிறது. கணக்குப் போட்டு நீட்டியிருக்க வேண்டியதில்லை. நகலெடுக்கும் கையில் ஒரு மயிரிழை பிசகும், நன்றாக ஒலித்தது அடுத்ததற்கு முன்மாதிரியாகும். தலைமுறை தலைமுறையாகக் காது தேர்ந்தெடுத்த வடிவம் அது.

எல்லாவற்றுக்கும் தேவை ஒன்றே விடையா? இல்லை. 1817இல் கப்பல் பொறியாளர் ஷானோ மூலைகளே இல்லாத வயலினைச் செய்தார். 1819இல் சவார் என்ற இயற்பியலாளர் நேர்க்கோடுகளால் ஆன சரிவகப் பெட்டி வயலினைச் செய்தார். இரண்டையும் பாரிஸ் அறிஞர் குழு கேட்டுப் பாராட்டியது. சரிவகத்தின் மேல்பகுதி ஒடுங்கியிருப்பதால் வில்லும் தாராளமாகப் போனது. ஆனாலும் வாசிப்பவர்கள் கிரெமோனா வடிவத்தை விட்டு நகரவில்லை. 9,000க்கு மேற்பட்ட வாத்தியங்களின் வெளிக்கோட்டை ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வும், பின்வந்தவர்கள் ஸ்ட்ராடிவாரி போன்ற சில முன்னோடிகளையே பார்த்து வெட்டியதைக் காட்டுகிறது. தேவை ஒரு வடிவத்தை உண்டாக்கியது, பக்தி அதைக் காப்பாற்றியது என்றே நான் நினைக்கிறேன்.

“எந்த வேலையும் இல்லாத பாகம் ஏதாவது உண்டா?” என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். தலைச்சுருளைத் தடவிக் காட்டினார். தந்திகளை முறுக்கும் பிரடைகளோடு வயலின் முடிந்துவிடுகிறது. சுருள் செதுக்குபவரின் கையெழுத்து, அவ்வளவுதான் என்றார்.

அப்போது அலைபேசியில் ஒரு கர்நாடகக் கச்சேரியை எடுத்துக் காட்டினேன். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இந்த வாத்தியத்தை மெட்ராஸில் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்ததைச் சொன்னேன். சப்பணமிட்டு அமர்ந்த கலைஞர், ஒரு முனையை மார்பிலும் மறுமுனையை வலது கணுக்காலிலும் அணைத்திருந்தார். தாங்கும் வேலையிலிருந்து விடுபட்ட இடது கை தந்தியில் மேலும் கீழும் வழுக்கிக் கமகங்களை இழைத்துக்கொண்டிருந்தது. பெண்மணி படத்தை நிறுத்தி, கணுக்காலில் சாய்ந்திருந்த சுருளைப் பெரிதாக்கிப் பார்த்தார். மேசையில் பாதி செதுக்கிய சுருள் ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஓரத்தை விரலால் நெருடிவிட்டு, “இதை இன்னும் கொஞ்சம் மழுக்கிவிடுகிறேன், உங்கள் ஊர்க்காரர் யாராவது வாங்கினால் காலில் உறுத்தக் கூடாது” என்று உளியை எடுத்தார்.