திருப்பி வைத்த காலணிகள்

செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைய எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் தென்கொரியாவின் தேஜோனுக்கு வந்த புதிதில் நினைத்திருந்தேன். மதுரையில் வளர்ந்தவனுக்கு அது பிறவிப் பழக்கம்.

முதல் மாதமே வீட்டுக்காரப் பாட்டி சாப்பிடக் கூப்பிட்டார். நம் ஊர் வழக்கப்படி கதவுக்கு வெளியே, படிக்கட்டு ஓரமாகச் செருப்பைக் கழற்றினேன். பாட்டி பதறிப்போய் அதைத் தன் கையாலேயே எடுத்து உள்ளே வைத்தார். கொரிய வீடுகளில் கதவைத் திறந்ததும் வீட்டுத் தரையைவிடச் சற்றுத் தாழ்ந்த ஓர் இடம் இருக்கும். ஹியன்க்வான் என்பார்கள். காலணிகளின் இடம் அது. அதற்கு மேல் ஏறுவது வெறும் சாக்ஸ் கால் மட்டுமே. அன்று என் காலில் அதுவும் இல்லை. பெரியவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வெறுங்காலோடு போவது அங்கே அவ்வளவு மரியாதை இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாட்டி ஒன்றும் சொல்லாமல் ஒரு ஜோடி சாக்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார்.

குளிர்காலம் வந்தபோது காலணியைக் கழற்றுவதன் காரணத்தைக் கால்களே உணர்ந்தன. வெளியே பனி. உள்ளே தரை இளஞ்சூடாக இருந்தது. ஒண்டொல் என்ற அந்த முறையில், முன்பெல்லாம் அடுப்பின் அனலும் புகையும் தரைக்கடியில் பாவிய கற்பலகைகளுக்குக் கீழே ஓடிப் புகைபோக்கி வழியாக வெளியேறும். இன்று அடுக்குமாடிகளில் பாய்லரின் வெந்நீர் குழாய்களில் ஓடுகிறது. ஒண்டொல் பண்பாட்டை 2018இல் தேசிய மரபுச் சொத்தாகவே அறிவித்திருக்கிறார்கள். அந்தத் தரையில்தான் மெத்தை விரித்துப் படுக்கிறார்கள், குட்டி மேசை போட்டுச் சாப்பிடுகிறார்கள். அங்கே செருப்புக்காலோடு நடப்பது ஒருவர் தலையணையை மிதிப்பது போல. நாம் வாசலில் செருப்பை விடுவதில் தீட்டும் சுத்தமும் கலந்திருக்கின்றன. இவர்கள் விடுவது படுக்கைக்காக.

சந்திரப் புத்தாண்டு இரவில் பாட்டி ஒரு கதை சொன்னார். யாக்வாங்க்வி என்ற பேய் அன்றிரவு வீடு வீடாக வந்து காலணிகளைப் போட்டுப் பார்க்குமாம். பொருந்தியதை எடுத்துக்கொண்டு போய்விடும். பறிகொடுத்தவருக்கு அந்த வருஷம் முழுக்கக் கெட்ட காலம். அதனால் காலணிகளை ஒளித்துவிட்டு, வெளியே ஒரு சல்லடையைத் தொங்கவிடுவார்களாம். பேய் அதன் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே விடிந்துவிடும். காலணி அவர்களுக்கு அதைப் போட்டிருக்கும் ஆளேதான் என்று அன்று புரிந்தது.

அந்த முதல் விருந்து முடிந்து கிளம்பும்போது என் செருப்பு இரண்டும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பாட்டி எப்போது குனிந்தார் என்று நான் கவனிக்கவில்லை.

போன மார்கழியில் பாட்டி கிம்ச்சி டப்பாவோடு என் அறைக்கு ஏறி வந்தார். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஹியன்க்வானுக்குப் போய் அவருடைய காலணிகளைத் திருப்பி வைத்தேன். இரண்டிலும் குதிகால் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தது. கிளம்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் திருப்பாமல், நேராகக் காலை நுழைத்துக்கொண்டு போனார்.