நல்ல கண்

மார்ச் 4
பட்டறையில் உளியை அடிக்கும்போது இரும்புச் சில் தெறித்து என் கணவருடைய வலது கண்ணைக் கிழித்துவிட்டது. இரவே தையல் போட்டார்கள்.

மார்ச் 9
அந்தக் கண்ணுக்கு டார்ச் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. எடுத்துவிடுவதானால் இரண்டு வாரத்துக்குள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எப்போதாவது நல்ல கண்ணும் கெடலாம் என்றார் டாக்டர். நூற்றில் ஒருவருக்குக்கூட அப்படி வருவதில்லை என்றும் அவரே சொன்னார். "எம்பையன் மொகத்துல குழி விழோணுமா அம்மிணி?" என்று அத்தை அழுதார். அவர் சுவரைப் பார்த்தபடி, "இருக்கட்டும்" என்றார். அவர் கண், அவர் முடிவு.

ஏப்ரல் 20
மறுபடி பட்டறைக்குப் போகிறார். சாயங்காலம் வந்து, வெர்னியரில் கோடெல்லாம் கலங்குகிறது என்றார். முதலாளி வெள்ளெழுத்து என்றாராம். 34 வயதில் என்ன வெள்ளெழுத்து? சாப்பிடும்போது ட்யூப்லைட்டை அணைக்கச் சொன்னார். இடது கண்ணைப் பார்த்தேன். கருவிழியைச் சுற்றிச் சிவந்திருந்தது. "தூசி" என்றார். தூசி விழுந்த கண்ணை எனக்குத் தெரியும். இது அதுவல்ல.

ஏப்ரல் 21
அதேதான். சிம்பதெடிக் ஆப்தால்மியா.

ஏப்ரல் 23
நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏறுகிறது. கண்ணுக்குள் இருக்கும் சில பொருள்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தி பார்த்ததே இல்லையாம். ஒரு கண் கிழிந்ததும் அவை வெளிப்படுகின்றன. அந்நியம் என்று எண்ணி அது தாக்கத் தொடங்கினால், அதே பொருள் இருக்கும் மற்ற கண்ணையும் விடுவதில்லை. அரிதாக, கண் அறுவைக்குப் பிறகும் வருமாம்.

"இப்ப எடுத்துட்டா நல்லாயிருமுங்களா?" என்று அத்தை கேட்டார். இப்போது எடுத்தாலும் பயன் நிச்சயமில்லையாம்.

புள்ளி எழுத்து தந்த லூயி பிரெய்லுக்கும் இதுதான் வந்திருக்கும் என்கிறார்கள். 1812-இல், 3 வயதில், அப்பாவின் தோல் பட்டறையில் குத்தூசி ஒரு கண்ணில் பாய்ந்தது. 5 வயதுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டன. அன்றைக்கு ஸ்டீராய்டு இல்லை. அந்தக் குழந்தையின் அம்மாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 24
கோபம். பாதுகாப்புக் கண்ணாடி வாங்கித் தராத பட்டறைமேல்.

மே 6
காலண்டரில் ராகு காலத்தைத் தானே படித்தார்! பொடி எழுத்து!

மே 29
மாத்திரையால் முகம் வீங்கிவிட்டது. சர்க்கரை ஏறியிருக்கிறது. தூக்கமில்லை, எரிந்து விழுகிறார். நள்ளிரவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவியபடி அடுப்படிக்கு நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "தண்ணி குடிக்கலாம்னு" என்றார். வழியிலிருந்த ஸ்டூலை நகர்த்தி வைத்தேன்.

ஜூலை 18
ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கிறார்கள். சட்டென்று நிறுத்தக் கூடாது. கூடவே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மாத்திரை. இடது கண் இப்போதைக்குத் தெளிவு. மறுபடி வராது என்று டாக்டர் சொல்லவில்லை.

இந்த நோய் பெரும்பாலோருக்கு அடிபட்ட ஓராண்டுக்குள் வருகிறது. பல பத்தாண்டு கழித்து வந்தவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது கண்ணில் பலமாக அடிபட்டு ஆறியிருந்தால், மற்ற கண்ணைக் கவனியுங்கள். சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, கிட்டத்து எழுத்து கலங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பழைய காயத்தை முதலில் சொல்லுங்கள்.